பறக்கும்போது எந்தத் திசையில் எது கண்ணில் படும்?

ஓடுதளம்27 | ஜூன் 2, இரவு 9:40

மனிதக் கண் பக்கவாட்டில் ஏறக்குறைய 200 டிகிரி வரை பார்க்கிறது. காக்பிட் கண்ணாடியும் அகலம். ஆகவே விமானி நேரே பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், மோத வருகிற விமானம் அசைவதால் ஓரக்கண்ணில் தானாகப் பட்டுவிடும் என்கிறேன். தவறென்றால் எங்கே தவறு? இன்னொன்று: விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து காட்டும் விளக்கு, தரையில் விரித்திருக்கும் குறி, பக்கத்தில் வந்து இறக்கையை ஆட்டும் போர் விமானம் என்று சைகைகள் எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றனவே, ஒரே ஆள் எதை எப்போது பார்ப்பது?

காற்றுப்பை | ஜூன் 3, காலை 6:15

தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

அந்த 200 டிகிரி, ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்று உணர்கிற பரப்பு மட்டுமே. தூரத்துப் புள்ளியை விமானம் என்று அடையாளம் காணும் கூர்மை விழித்திரையின் நடுக்குழியில்தான் உண்டு. அதன் அகலம் சுமார் 2 டிகிரி. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள், விரலின் அகலம்தான் கிட்டத்தட்ட அந்த 2 டிகிரி. அதைத் தாண்டப் பார்வை வேகமாக மங்கிக்கொண்டே போகும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. மோதப்போகும் விமானம் உங்கள் கண்ணாடியில் அசையாது. இரண்டு விமானங்களும் திசை மாறாமல், வேகம் மாறாமல் வந்து ஓரிடத்தில் சந்திக்கப்போகின்றன என்றால், அந்தச் சந்திப்பு வரைக்கும் எதிராளி கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்பார். அவர் கண்ணாடியில் முன்னோக்கி நகர்ந்தால் உங்களுக்கு முன்னால் கடந்துவிடுவார், பின்னோக்கி நகர்ந்தால் பின்னால் போய்விடுவார். ஓரக்கண் அசைவைப் பிடிக்கத்தான் நல்லது. அதாவது ஆபத்தில்லாதவரை அது காட்டிக்கொடுக்கும், ஆபத்தானவரை விட்டுவிடும். நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நடப்பது இதுதான்.

அதனால்தான் வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தாவலும் 10 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது 1 விநாடி கண் நிற்க வேண்டும். கண்ணை வழுக்கிக்கொண்டே போனால் பயனில்லை. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் நேரத்தில் மூளை காட்சியை நிறுத்தி வைக்கிறது. தாவலின் நடுவில் எதையும் பார்ப்பதில்லை, நிற்கும் இடத்தில்தான் பார்க்கிறோம்.

காற்றுப்பை | ஜூன் 3, மதியம் 1:05

காலையில் எழுதியதைக் கணக்காகப் போட்டால் ஒரு சிக்கல் தெரிகிறது. பக்கவாட்டில் 180 டிகிரி, மேலும் கீழுமாக 30 டிகிரி என்று எடுத்தால் 18 துண்டுகள் மூன்று வரிசை, மொத்தம் 54. ஒன்றுக்கு 1 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 54 விநாடி. உள்ளே கருவிகளைப் பார்க்கும் நேரம் இதில் சேரவில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் முதல் துண்டில் புதிதாக ஒருவர் முளைத்திருக்கலாம்.

ஆகவே எல்லாத் துண்டுக்கும் சம நேரம் தருவது வீண். நேர்ப்பறப்பில் விமானத்தின் மூக்கிலிருந்து இடமும் வலமும் 60 டிகிரி, அடிவானத்துக்கு மேலும் கீழும் 10 டிகிரி. நேரத்தில் பெரும்பகுதி இதற்கு. ஏறும்போது அந்தப் பட்டையை மேலே தள்ளுங்கள், இறங்கும்போது கீழே. திரும்புவதற்கு முன்னால் திரும்பப்போகும் பக்கம் முழுவதையும் இறக்கைக்குப் பின்வரை பார்த்தாக வேண்டும்.

இப்போது, எதிராளி கண்ணில் பட்டதிலிருந்து உங்கள் விமானம் விலகத் தொடங்கும் வரை ஆகும் 12.5 விநாடிக் கணக்கு. பயிற்சி நூல்களில் வரும் எண்தான், ஆனால் எதனால் ஆனது என்பதைக் கவனியுங்கள்: பொருள் கண்ணில் பட 0.1, அது விமானம் என்று புரிய 1, மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4, கை அசைய 0.4, விமானம் கைக்குப் பணிந்து நகர 2. நேரத்தின் பெரும்பங்கு மூளையில் கழிகிறது. அதிலும் ‘மோத வருகிறானா’ என்பதற்கு 5 விநாடி, ஏனென்றால் அசையவில்லை என்று தெரிந்துகொள்ளச் சற்றுக் காத்திருந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஆளுக்கு 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் இரண்டு சிறு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் நெருங்கும் வேகம் 240 நாட். 12.5 விநாடியில் 0.83 கடல் மைல், அதாவது 1.5 கிலோமீட்டர். 11 மீட்டர் இறக்கையகலம் உள்ள விமானம் அந்தத் தூரத்தில் 0.4 டிகிரி அகலம்தான் தெரியும். அதிலும் இறக்கை மெல்லிய கோடு, நடு உடல் ஒரு புள்ளி.

இடதுஇருக்கை | ஜூன் 3, மாலை 6:30

அந்த 0.4 டிகிரி எப்படி வளர்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். தூரம் பாதியானால் தோற்றம் இரட்டிப்பாகும். 25 விநாடிக்கு முன் 0.2 டிகிரி, 12.5-இல் 0.4, 6-இல் 0.8, 3-இல் 1.7. கடைசி சில விநாடி வரை வளர்ச்சியே தெரியாது, பிறகு ஒரேயடியாகப் பூதமாகும். ‘திடீரென்று எங்கிருந்தோ வந்துவிட்டது’ என்று பலர் சொல்வது இதைத்தான். அது அங்கேயே இருந்தது.

ஜெட் என்றால் நிலைமை வேறு. ஆளுக்கு 450 நாட், சேர்த்து 900. 12.5 விநாடிக்கு 5.8 கிலோமீட்டர். கண்ணை மட்டும் நம்பி இதைச் சமாளிக்க முடியாது என்பதால்தான் அருகில் வரும் விமானத்தை எச்சரிக்கும் டீகாஸ் கருவி வந்தது. கருவியோ, தரையிலிருந்து வழிநடத்தும் கண்ட்ரோலரோ திசையைச் சொல்லிவிட்டால் தேடல் ஏறக்குறைய எட்டு மடங்கு பயனுள்ளதாகிறது என்று கணித்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று தெரிந்து ஒரு விநாடி பார்ப்பது, தெரியாமல் எட்டு விநாடி தேடுவதற்குச் சமம்.

காற்றுப்பை | ஜூன் 4, காலை 5:50

கண்ட்ரோலர் சொல்லும் திசை பற்றி ஒன்று. கடிகார முறையில் மூக்கு 12 மணி, வல இறக்கை 3, வால் 6, இட இறக்கை 9. ‘2 மணித் திசையில் விமானம், 3 மைல்’ என்றால் மூக்கிலிருந்து வலப்பக்கம் 60 டிகிரி திரும்பிப் பாருங்கள்.

இடதுஇருக்கை | ஜூன் 4, காலை 8:20

மூக்கிலிருந்து அல்ல. கண்ட்ரோலருக்கு ரேடாரில் தெரிவது நீங்கள் தரையின்மேல் போகும் பாதை. மூக்கு எங்கே பார்க்கிறது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கக் காற்றுக்கு ஈடாக மூக்கை 15 டிகிரி இடப்புறம் திருப்பிப் பறக்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் ‘12 மணி’ என்று சொல்லும் விமானம் உங்கள் மூக்குக்கு வலப்புறம் 15 டிகிரியில், அதாவது 12:30-இல் நிற்கும். மெதுவான விமானத்தில் காற்று பலமாக அடிக்கும் நாளில் கடிகாரத்தின் ஒரு மணி (30 டிகிரி) அளவுக்குக்கூட விலகும். எனவே சொன்ன இடத்தில் இல்லையென்றால் இருபுறமும் ஒரு மணி அகலம் தேட வேண்டும், முதலில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்புறம்.

காற்றுப்பை | ஜூன் 4, காலை 8:45

சரி, திருத்திக்கொள்கிறேன். மேலே உள்ளதைப் ‘பாதையிலிருந்து 60 டிகிரி’ என்று படியுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொரு பழக்கமும் வேண்டும். சொன்ன விமானம் கண்ணில் பட்டால் ‘தெரிகிறது’ என்று சொல்வது எல்லோரும் செய்வது. பட்டது மறைந்துவிட்டால் ‘இப்போது தெரியவில்லை’ என்று அதே வேகத்தில் சொல்ல வேண்டும். 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியாகோவில் போயிங் 727 ஒன்றும் செஸ்னா 172 ஒன்றும் மோதி 144 பேர் இறந்தார்கள். 727-இன் விமானிகளுக்குச் செஸ்னா பற்றிச் சொல்லப்பட்டிருந்தது, அவர்களும் தெரிகிறது என்றார்கள். பிறகு அதைத் தவறவிட்டார்கள். கடந்து போயிருக்கும் என்று நினைத்தார்கள். தவறவிட்டதைக் கண்ட்ரோலருக்குப் புரியும்படி சொல்லவில்லை. செஸ்னா அவர்களுக்கு முன்னாலும் கீழேயும், பின்னணியில் வீடுகள் நிறைந்த நகரத்தோடு இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் போனதால் கண்ணுக்குப் பிடிபடும் அசைவும் குறைவு. தெளிந்த வானம், பகல் வெளிச்சம். அப்படியும் இது நடந்தது.

ஓடுதளம்27 | ஜூன் 4, இரவு 10:10

ஓரக்கண் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் எச்சரிக்கை விளக்குகள் ஏன் மினுக்குகின்றன? ஓரக்கண்ணை நம்பித்தானே?

காற்றுப்பை | ஜூன் 5, காலை 6:00

நல்ல கேள்வி, என் முதல் குறிப்பில் ஓரக்கண்ணை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டேன். ஓரக்கண் அசைவையும் மினுக்கலையும் பிடிக்கும், வடிவத்தையும் நிறத்தையும் பிடிக்காது. அதனால் வடிவமைப்பாளர்கள் அதற்கு ஏற்ற வேலையை மட்டும் கொடுக்கிறார்கள். காக்பிட்டில் மாஸ்டர் வார்னிங் என்ற பொது எச்சரிக்கை விளக்கு சிவப்பாக, கண்ணுக்கு நேரே உள்ள பகுதிக்குப் பக்கத்திலேயே மினுக்கும். அதன் வேலை உங்கள் தலையைத் திருப்புவதோடு முடிந்தது. என்ன கோளாறு என்று படிப்பது நடுக்குழியின் வேலை. சிவப்பு உடனே செயல்படு, ஆம்பர் கவனத்தில் வை. மற்ற நேரத்தில் எல்லாம் அணைந்து இருட்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்று எரிந்தால் கண் அங்கே போகும்.

வெளியே உள்ள மோதல் தடுப்பு விளக்கும் அப்படித்தான். நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை மினுக்க வேண்டும் என்பது விதி.

காற்றுப்பை | ஜூன் 5, காலை 6:40

எழுதிய பிறகு தோன்றியது. நிமிடத்துக்கு 40 என்றால் ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் 1.5 விநாடி இடைவெளி. இரவில் ஒரு துண்டில் 1 விநாடி மட்டும் நின்றால், இரண்டு மினுக்கலுக்கு நடுவில் அந்த இடத்தை வெறும் இருட்டாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். கண் வேறு துண்டில் இருக்கும்போது மினுக்கினால் ஓரக்கண் பிடிக்க வாய்ப்புண்டு, ஆனாலும் அதையே நம்ப வேண்டாம். இரவில் ஒரு துண்டுக்கு 2 விநாடி கொடுப்பது நல்லது.

இடதுஇருக்கை | ஜூன் 5, மாலை 7:15

இரவு என்று வந்துவிட்டதால் நாவிகேஷன் விளக்கையும் முடித்துவிடலாம். இட இறக்கை நுனியில் சிவப்பு, வல இறக்கை நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. சிவப்பும் பச்சையும் மூக்கிலிருந்து அவரவர் பக்கம் 110 டிகிரி வரை தெரியும், வெள்ளை பின்னால் 140 டிகிரி. கூட்டினால் 360.

இந்த எண்கள் வழிவிடும் விதியோடு பின்னிக் கிடக்கின்றன. உங்கள் வலப்புறம் ஒரு விமானத்தின் சிவப்பு தெரிகிறது என்றால் அவர் தன் இடப்பக்கத்தைக் காட்டி உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டுகிறார். வலப்புறம் இருப்பவருக்கே உரிமை, நீங்கள்தான் வழிவிட வேண்டும். இடப்புறம் பச்சை தெரிந்தால் அவர் வழிவிட வேண்டியவர். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேருக்கு நேர், இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். வெள்ளை மட்டும் தெரிந்தால் அவர் வாலுக்குப் பின்னால் இருபுறமும் 70 டிகிரிக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். நெருங்கினால் முந்துபவர் நீங்கள், வலப்புறமாக விலகித்தான் முந்த வேண்டும்.

காற்றுப்பை | ஜூன் 6, காலை 6:20

நிறம் சொல்வது எதிராளியின் எந்தப் பக்கம் உங்களை நோக்கி இருக்கிறது என்பதை மட்டுமே. மோதுவாரா என்பதைச் சொல்லாது. அதற்கு அந்தப் பழைய சோதனைதான்: விளக்கு கண்ணாடியில் நகர்கிறதா, நிற்கிறதா. உரிமை உங்களுடையதாக இருந்தாலும் விளக்கு நகராமல் நின்றால் விலகுங்கள். அவர் உங்களைப் பார்த்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆனால் இரவில் ஒற்றை விளக்கையே உற்றுப் பார்த்தால் அது தானாக அசைவது போலத் தோன்றும். சுற்றிலும் இருட்டு, ஒப்பிட வேறு எதுவும் இல்லை என்றால் சில விநாடியிலேயே இந்த மாயை தொடங்கிவிடும். ஆகவே விளக்கைக் கண்ணாடியின் சட்டத்தோடோ இறக்கை நுனியோடோ சேர்த்துப் பாருங்கள், தலையை அசைக்காமல்.

மங்கலான விளக்கு என்றால் நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். நடுக்குழியில் கூம்பு செல்கள்தான் உண்டு, இருட்டில் அவை வேலை செய்யா. கோல் செல்கள் அதைச் சுற்றி உள்ளன. எனவே பார்க்க வேண்டிய இடத்துக்கு 5 முதல் 10 டிகிரி பக்கத்தில் பாருங்கள். கோல் செல்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக 30 நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் சில விநாடியில் அதைக் கெடுத்துவிடும். ஒளி கொஞ்சம் தேவைப்பட்டால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அந்தக் கண்ணின் பழக்கமாவது மிஞ்சும். சிவப்பு விளக்கு பழக்கத்தைக் காக்கும், ஆனால் வரைபடத்தில் சிவப்பில் அச்சான கோடுகள் அந்த ஒளியில் காணாமல் போகும். இன்னொன்று, 5,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் குறைவு முதலில் தாக்குவது இரவுப் பார்வையை. புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் முன்னதாக.

ஓடுதளம்27 | ஜூன் 6, இரவு 9:00

டவர் விளக்கு?

காற்றுப்பை | ஜூன் 7, காலை 5:45

ரேடியோ செத்தால்தான் அது. டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு அடையாளம் சொல்லும் கருவி) ரேடியோ செத்ததற்கான 7600 என்ற எண்ணைப் போட்டுவிட்டு, விமான நிலையச் சுற்றில் (இறங்கும் முன் ஓடுபாதையைச் சுற்றி வரும் பாதை) சேரும்போது கண் டவருக்குப் போக வேண்டும். பறப்பவருக்கு: நிலையான பச்சை, இறங்கலாம். மினுக்கும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா (பிறகு உரிய நேரத்தில் நிலையான பச்சை வரும்). நிலையான சிவப்பு, மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. மினுக்கும் சிவப்பு, நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. மினுக்கும் வெள்ளை, இந்த நிலையத்தில் இறங்கி, விமானம் நிறுத்தும் இடமான ஏப்ரனுக்குப் போ.

தரையில் இருப்பவருக்கு அதே நிறங்கள் வேறு பொருள் தரும். நிலையான பச்சை, புறப்படலாம். மினுக்கும் பச்சை, டாக்ஸி செய்யலாம் (தரையில் உருண்டு போகலாம்). நிலையான சிவப்பு, நில். மினுக்கும் சிவப்பு, இறங்குபகுதியை விட்டு விலகு. மினுக்கும் வெள்ளை, தொடங்கிய இடத்துக்குத் திரும்பு.

மினுக்கும் பச்சையை நிலையான பச்சையாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நேரும் பிழை. ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். மூன்று நான்கு விநாடி பார்த்து, அணைகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

அந்தக் கற்றை குறுகியது, டவரில் இருப்பவர் துப்பாக்கி பிடிப்பது போல உங்களைக் குறிவைக்க வேண்டும். உங்கள் கண் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். டவர் சுற்றின் உட்புறம் இருந்தால் உங்கள் பக்கத்துச் சன்னலில் தெரியும். எதிர்ப்புறம் இருந்தால் வலது இருக்கையைத் தாண்டிப் பார்க்க வேண்டும், தாழ்ந்த இறக்கை என்றால் அதுவே மறைக்கும். அதனால் டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி) இரண்டு முறை, பேஸுக்கு (ஓடுபாதை நோக்கிக் குறுக்கே வரும் பகுதி) திரும்பும் முன் ஒரு முறை, ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பகுதி) நேராக வந்ததும் ஒரு முறை என்று திட்டமாகப் பார்ப்பது நல்லது. சூரியன் டவருக்குப் பின்னால் இருக்கும் மாலை வேளையில் பச்சை வெளுத்து வெள்ளை போலத் தெரியும்.

பார்த்தேன் என்று சொல்ல: பகலில் இறக்கையை ஆட்ட வேண்டும், இரவில் லேண்டிங் விளக்கை இரண்டு முறை மினுக்க வேண்டும். அது இல்லையென்றால் நாவிகேஷன் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட வேண்டும்.

இடதுஇருக்கை | ஜூன் 7, காலை 9:30

பேஸிலும் ஃபைனலிலும் இறக்கையை ஆட்டத் தேவையில்லை, சர்வதேச விதியே அதை எதிர்பார்ப்பதில்லை. தாழ்வாக, மெதுவாகப் பறக்கும்போது சாய்வது ஆபத்து. இன்னொரு வேறுபாடு: அமெரிக்க விதிப்படி பறப்பவருக்கு மினுக்கும் வெள்ளைக்குப் பொருளே இல்லை. மாறாக, சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தால் ‘மிகுந்த எச்சரிக்கை’ என்று அங்கே உண்டு, சர்வதேச அட்டவணையில் அது இல்லை. எந்த நாட்டில் பறக்கிறோமோ அந்த அட்டவணையை முழங்காலில் கட்டும் பலகையில் ஒட்டிவையுங்கள்.

காற்றுப்பை | ஜூன் 8, காலை 6:10

இடைமறிக்கும் போர் விமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வந்து நிற்கும் இடம் தற்செயல் அல்ல. உங்களுக்குச் சற்று மேலே, சற்று முன்னால், வழக்கமாக இடப்புறம். ஏனென்றால் கேப்டன் இடது இருக்கையில் இருக்கிறார். ஹெலிகாப்டர் என்றால் வலப்புறம், அங்கே கேப்டன் வலது இருக்கை. இறக்கையை ஆட்டி நாவிகேஷன் விளக்கை ஒழுங்கில்லாத இடைவெளியில் மினுக்கினால் ‘என் பின்னால் வா’. நீங்களும் ஆட்டி, மினுக்கி, பின்தொடர வேண்டும், 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் அழைக்கவும் வேண்டும். அது திடீரென்று 90 டிகிரிக்கு மேல் ஏறித் திரும்பி, உங்கள் பாதையை வெட்டாமல் விலகினால் ‘போகலாம்’. சக்கரத்தை இறக்கி ஒரு நிலையத்தின் ஓடுபாதைக்கு மேலே பறந்தால் ‘இங்கே இறங்கு’.

தரையில் விமானத்தை நிறுத்த வழிகாட்டும் மார்ஷலரும் இதே காரணத்தால் இடப்பக்கம் நிற்பார். மார்ஷலர் கண்ணில் படவில்லையென்றால் விமானத்தை நிறுத்துங்கள், ஊகத்தில் நகர்த்தாதீர்கள்.

காற்றுப்பை | ஜூன் 8, மதியம் 12:30

இனி, தரையில் உள்ள குறிகள். ரேடியோ இல்லாத சிறு நிலையங்களில் சிக்னல் சதுரம் என்று ஒரு இடம் இருக்கும், பக்கத்துக்குக் குறைந்தது 9 மீட்டர். 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது அடிவானத்துக்குக் கீழே 10 டிகிரிக்கு மேற்பட்ட எந்தக் கோணத்திலிருந்தும் தெரிய வேண்டும். கணக்குப் போட்டால் 1.7 கிலோமீட்டருக்குள். அதற்கு அப்பாலிருந்து தேடுவது கண்ணுக்கு வீண் வேலை. சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் பெருக்கல் குறி: இறங்கத் தடை, தடை நீடிக்கலாம். ஒரே ஒரு மஞ்சள் மூலைக்கோடு: எச்சரிக்கையோடு இறங்கு. வெள்ளை டம்பெல்: ஓடுபாதையிலும் டாக்ஸி பாதையிலும் மட்டும் சக்கரம் பட வேண்டும்.

காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயான காற்றுப்பை குறைந்தது 3.6 மீட்டர் நீளம், அகன்ற வாய் 0.9 மீட்டர். மேலே பறக்கும்போது அதன் வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது.

தேடிப் போகும் விமானிக்குத் தரையில் தப்பியவர்கள் எழுதும் குறிகள் ஐந்துதான். ஆங்கில ‘வி’ உதவி வேண்டும், ‘எக்ஸ்’ மருத்துவ உதவி வேண்டும், ‘என்’ இல்லை, ‘ஒய்’ ஆம், அம்புக்குறி இந்தத் திசையில் போகிறோம். குறியின் நீளம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது, பின்னணியிலிருந்து நிறம் நன்கு மாறுபட வேண்டும். புரிந்தது என்பதற்கு இங்கேயும் இறக்கை ஆட்டல்தான்.

இடதுஇருக்கை | ஜூன் 9, இரவு 8:00

ஃபைனலில் இறங்கும் சரிவு சரியா என்று காட்டும் பாப்பி விளக்கு விட்டுப்போயிற்று. நான்கு விளக்கு, வழக்கமாக ஓடுபாதையின் இடப்புறம். 3 டிகிரிச் சரிவுக்கு அவை 2°30′, 2°50′, 3°10′, 3°30′ என்று வைக்கப்பட்டிருக்கும். அந்தந்தக் கோணத்துக்கு மேலிருந்தால் வெள்ளை, கீழிருந்தால் சிவப்பு. இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் சரிவில் இருக்கிறீர்கள். ஓடுபாதைக்கு மிக அருகில் உள்ளது 3°30′, அதனால் இறங்கும்போது முதலில் சிவப்பாவது அதுதான். வரிசை இதற்கு மாறாகத் தெரிந்தால் கருவியில் கோளாறு, அதை நம்பாதீர்கள். கண்ணாடியில் பனியோ ஈரமோ படிந்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும், அப்போதும் நம்பாதீர்கள்.

காற்றுப்பை | ஜூன் 10, காலை 6:30

பார்வையை மறைப்பவை பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை, என்னைக் கேட்டால் பாதி விஷயம் அதுதான்.

மேல் இறக்கை விமானம் திரும்பும்போது உள் இறக்கை தாழ்ந்து, திரும்பப்போகும் திசையையே மூடும். ஆகவே திரும்பும் முன் அந்த இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கீழ் இறக்கை விமானத்துக்குக் கீழே தெரியாது. கீழ் இறக்கை விமானம் மேலேயும் மேல் இறக்கை விமானம் கீழேயும் ஒரே ஃபைனலில் இறங்கினால் இருவருக்கும் மற்றவர் தெரியவே மாட்டார். நீண்ட நேர்ச்சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் இடமும் வலமும் மெல்லத் திரும்பித் திரும்பிப் போவது இதற்காகத்தான்.

கண்ணாடிக்கு நடுவில் உள்ள தூண். இரண்டு கண்ணுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. தூண் அதைவிடக் குறுகலாக இருந்தால் ஒரு கண் மறைப்பதை இன்னொரு கண் பார்க்கும். அகலமாக இருந்தால் அதன் பின்னால் ஒரு முழு விமானமே ஒளிந்துகொள்ளும், மோதும் பாதையில் வருபவர் அசையமாட்டார் என்பதால் கடைசி வரை ஒளிந்தே இருப்பார். குறுகிய தூணிலும் பொறி உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் குருட்டுப்புள்ளி இருக்கிறது, பார்க்கும் இடத்திலிருந்து வெளிப்புறம் சுமார் 15 டிகிரியில். வழக்கமாக மறு கண் அதை நிரப்பிவிடும். தூண் மறு கண்ணை மறைத்திருந்தால் நிரப்ப ஆளில்லை. மருந்து ஒன்றுதான்: தலையை ஒரு சாண் முன்னாலும் பக்கத்திலும் நகர்த்திப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும்.

தெளிந்த நீலவானமும் மங்கலான புகைமூட்டமும் வேறு வகையில் மறைக்கும். பார்க்க ஒன்றுமில்லை என்றால் கண் தானாகவே அருகில் குவிந்துவிடும், தூரத்துப் புள்ளி மங்கி மறையும். இடையிடையே இறக்கை நுனியையோ தூரத்து மேக விளிம்பையோ பார்த்துக் குவியத்தை வெளியே இழுங்கள். கருவியிலிருந்து வெளியே மாறுவதற்கும் 1 முதல் 2 விநாடி ஆகும், வயது கூடக் கூட இன்னும் அதிகம்.

ஓடுதளம்27 | ஜூன் 10, இரவு 9:20

கருப்புக் கண்ணாடி போட்டால் உதவுமா? போலரைஸ்டு வகை நல்லது என்கிறார்கள்.

இடதுஇருக்கை | ஜூன் 11, காலை 7:00

போலரைஸ்டு வேண்டாம். திரைகள் சில கோணத்தில் கறுத்துவிடும், விமானக் கண்ணாடியில் வானவில் பட்டைகள் தெரியும். தூரத்து விமானத்தின் உடலில் சூரியன் பட்டு வரும் பளிச்சிடலையும் அது தின்றுவிடும், பல நேரம் முதல் துப்பு அந்தப் பளிச்சிடல்தான். சாம்பல் நிறச் சாதாரணக் கண்ணாடி, 15 சதவீத ஒளியை விடுவது, போதும். சாயங்காலம் ஆனதும் கழற்றிவிடுங்கள்.

ஓடுதளம்27 | ஜூன் 11, இரவு 10:00

கடைசியாக ஒன்று. அசையாத புள்ளிதான் ஆபத்து என்றால், கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கறையும் அசையாத புள்ளிதானே? எப்படிப் பிரிப்பது?

காற்றுப்பை | ஜூன் 12, காலை 5:55

தலையைப் பத்து செ.மீ. பக்கத்தில் நகர்த்துங்கள். கறை என்றால் தொலைவிலுள்ள மேகத்தையோ அடிவானத்தையோ விட்டுத் தாவும். விமானம் என்றால் மேகத்தோடு ஒட்டியே நிற்கும், கண்ணாடிச் சட்டம் மட்டும் நகர்ந்தது போலத் தெரியும். அரை விநாடி வேலை.

ஆனால் கறை நிறைந்த கண்ணாடியில் இந்தச் சோதனையைச் சுற்றுக்கு முப்பது முறை செய்ய முடியாது. நாலாவது முறைக்குப் பிறகு எல்லாப் புள்ளியும் கறைதான் என்று மூளை முடிவு கட்டிவிடும். அதனால் புறப்படும் முன் கண்ணாடியைத் துடையுங்கள்: முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மணல் துகளைக் கழுவி, பிறகு அக்ரிலிக்குக்கு உரிய திரவமும் மென்மையான பருத்தித் துணியும் கொண்டு மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் வட்டக் கீறல் விழும், எதிர்வெயிலில் அந்தக் கீறல் முழுவதும் எரிந்து, எந்தப் பக்கம் பார்த்தாலும் சூரியனைச் சுற்றி ஒரு வெள்ளை வளையமாகவே தெரியும். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவமும் பெட்ரோலும் அக்ரிலிக்கில் படவே கூடாது, நுண்வெடிப்பு விழுந்து நிரந்தரமாக மங்கிவிடும்.